பொருளடைவின் தரமும் நோணாங்குப்பத்துத் தேடலும்

நூல்விவரத் தரவுத்தளம் என்பது நூல்கள், இதழ்க் கட்டுரைகள், ஆய்வேடுகள், அறிக்கைகள், சுவடிகள் ஆகியவற்றைப் பற்றிய விவரங்களைத் தேடி எடுக்கும் வகையில் தொகுத்து வைத்த பட்டியல். நூலின் பெயரும் ஆசிரியர் பெயரும் முன்பே தெரிந்தவருக்கு இப்பட்டியலில் தேடுவது எளிது. பொருள் மட்டும் தெரிந்து, அதைப் பற்றி யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தெரியாமல் வருபவருக்குத் துணை நிற்பது பொருளடைவு. ஒவ்வொரு ஆவணமும் எதைப் பற்றியது என்பதைச் சில சொற்களாலோ வகை எண்ணாலோ குறித்து வைக்கும் பணி அது. அப்பணி சரியாகச் செய்யப்பட்டிருக்கிறதா என்பதை எப்படி அளப்பது என்ற கேள்வி 1950-களிலிருந்து நூலகவியலில் விவாதிக்கப்படுகிறது. புதுச்சேரியை அடுத்த நோணாங்குப்பம் போன்ற ஒரு சிற்றூரைப் பற்றித் தேடிப் பார்த்தால் இக்கேள்வியின் கனம் புரியும்.

அடைவு செய்யும் முறை

பொருளடைவு ஆக்கும் பணிக்கு 1985-இல் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 5963 என்னும் பன்னாட்டுத் தரம் மூன்று படிகளைச் சொல்கிறது. ஆவணத்தைப் பார்த்து அது எதைப் பேசுகிறது என்று தெரிந்துகொள்வது முதற்படி. அதில் உள்ள முதன்மைக் கருத்துகளைத் தேர்ந்தெடுப்பது இரண்டாம் படி. அக்கருத்துகளைத் தரவுத்தளம் ஏற்றுக்கொண்ட சொற்களில் எழுதுவது மூன்றாம் படி. மூன்றிலும் பிழை நேரலாம். ஆவணத்தைத் திறக்காமல் தலைப்பை மட்டும் பார்த்துச் சொல் இடுவது முதற்படிப் பிழை. நூலின் பாதியை நிரப்பியிருக்கும் ஒரு பொருளை விட்டுவிடுவது இரண்டாம் படிப் பிழை. ஒரே ஊரை ஒரு பதிவில் ஒரு பெயராலும் மற்றொரு பதிவில் வேறொரு பெயராலும் குறிப்பது மூன்றாம் படிப் பிழை.

தரத்தைப் பேசும்போது மூன்று பண்புகள் வழக்கமாகச் சொல்லப்படும். ஆவணத்தில் உள்ள பொருள்களில் எத்தனை அடைவில் இடம்பெற்றன என்பது நிறைவு. இட்ட சொல் பொருளுக்கு எவ்வளவு நெருக்கமானது என்பது நுணுக்கம். ஒத்த ஆவணங்களுக்கு ஒத்த சொற்கள் கிடைத்தனவா என்பது ஒருமை.

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை எடுத்துக்கொள்ளலாம். 1736 முதல் 1761 வரை எழுதப்பட்ட அதில் பிரெஞ்சு ஆட்சியாளரின் அரசியலோடு கப்பல் வரவு, வணிகம், விலைவாசி, சாதி வழக்குகள், ஊர் நடப்புகள் எல்லாம் உண்டு. 'புதுச்சேரி - வரலாறு' என்ற ஒற்றைத் தலைப்பு அதற்குத் தவறானதல்ல. ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டுத் துணி வணிகத்தைத் தேடும் மாணவரை அத்தலைப்பு அந்நூலிடம் கொண்டு சேர்க்காது. பிழையில்லாத அடைவும் நிறைவில்லாததாக இருக்கலாம் என்பதற்கு இது சான்று.

கிரான்ஃபீல்டும் மெட்லார்ஸும்

அடைவின் தரத்தைக் கருத்தளவில் விவாதிப்பதை விட்டுச் சோதனை செய்து பார்க்கத் தொடங்கியவர் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்ட் வானூர்திக் கல்லூரியின் நூலகர் சிரில் கிளெவர்டன். 1962-இல் முடிந்த முதல் சோதனையில் வானூர்தியியல் சார்ந்த 18,000 ஆவணங்கள் நான்கு முறைகளில் அடைவு செய்யப்பட்டு, 1,200 கேள்விகளால் தேடப்பட்டன. இரண்டு அளவுகள் இத்தகைய ஆய்வுகளின் அடிப்படையாக நிலைபெற்றன. தரவுத்தளத்தில் உள்ள பொருத்தமான ஆவணங்களில் எத்தனை விழுக்காடு கைக்கு வந்தன என்பது மீட்பு. கைக்கு வந்தவற்றில் எத்தனை விழுக்காடு பொருத்தமானவை என்பது துல்லியம். இருபது பொருத்தமான ஆவணங்கள் இருக்கும் இடத்தில் தேடல் பத்தைத் தந்து, அவற்றில் ஆறு மட்டும் பொருந்தினால் மீட்பு 30 விழுக்காடு, துல்லியம் 60 விழுக்காடு.

நான்கு முறைகளின் மீட்பும் ஏறத்தாழ 74 முதல் 82 விழுக்காட்டுக்குள் அமைந்தது. நுட்பமான வகைப்பாட்டுக்கும் எளிய ஒற்றைச் சொல் முறைக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்ற முடிவு நூலகத் துறையினரை அதிரவைத்தது. சோதனையின் மீது வந்த முதன்மையான மறுப்பு, கேள்விகள் அந்த ஆவணங்களிலிருந்தே உருவாக்கப்பட்டவை என்பது. விடையைப் பார்த்துக் கேள்வி எழுதினால் கேள்வியின் சொல்லும் ஆவணத்தின் சொல்லும் ஒன்றாகவே இருக்கும். உண்மையான வாசகர் ஆவணத்தின் சொல்லை அறியாமல்தான் தேட வருகிறார். இம்மறுப்பு இன்றும் செல்லுபடியாகும்.

அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் மெட்லார்ஸ் தரவுத்தளத்தை எஃப். டபிள்யூ. லங்காஸ்டர் மதிப்பிட்ட ஆய்வு 1968-இல் வெளிவந்தது. இது மருத்துவர்களும் ஆய்வாளர்களும் உண்மையில் கேட்ட சுமார் 300 கேள்விகளைக் கொண்டது. மீட்பு ஏறத்தாழ 58 விழுக்காடு, துல்லியம் ஏறத்தாழ 50 விழுக்காடு. லங்காஸ்டர் இந்த எண்களோடு நிற்கவில்லை. தவறிய ஒவ்வொன்றையும் எடுத்து, அடைவு செய்தவர் விட்டதா, சொற்பட்டியலில் தகுந்த சொல் இல்லாததா, தேடியவரின் பிழையா, கேள்வியே தெளிவில்லாமல் வந்ததா என்று காரணம் பிரித்தார். குறை எங்கே என்று காட்டாத மதிப்பெண்ணால் திருத்தம் செய்ய முடியாது என்பதே அந்த ஆய்வு விட்டுச்சென்ற பாடம்.

ஒருமை என்னும் மயக்கம்

மீட்பை அளப்பதற்குப் பொருத்தமான ஆவணங்கள் மொத்தம் எத்தனை என்று தெரிந்திருக்க வேண்டும். அது கடினமான வேலை. ஆகவே பல ஆய்வுகள் எளிதாக எண்ணக்கூடிய ஒருமையைத் தரத்துக்கு நிகராக வைத்துக்கொண்டன. ஒரே ஆவணத்தை இருவரிடம் கொடுத்து, இருவரும் இட்ட பொதுச் சொற்களின் எண்ணிக்கையை இருவர் இட்ட மொத்தத் தனிச்சொற்களின் எண்ணிக்கையால் வகுப்பது அதன் கணக்கு. மெட்லைனில் தவறுதலாக இருமுறை அடைவு செய்யப்பட்ட 760 கட்டுரைகளை ஃபங்க், ரீட் ஆகியோர் 1983-இல் ஒப்பிட்டார்கள். முதன்மைப் பொருளைக் குறிக்கும் தலைப்புகளில் சுமார் 61 விழுக்காடு ஒருமை இருந்தது. தலைப்போடு துணைத்தலைப்பும் சேர்ந்த நுணுக்கமான குறிப்புகளில் அது 34 விழுக்காடாகக் குறைந்தது. பயிற்சி பெற்றவர்களிடமும், விரிவான சொற்பட்டியல் கையில் இருந்தபோதும் நிலை இதுதான்.

ஆனால் ஒருமை தரத்தைக் காட்டுமா? நோணாங்குப்பத்தை அடுத்த அரிக்கமேட்டு அகழாய்வு பற்றிய ஒரு நூலை இருவர் அடைவு செய்வதாகக் கொள்ளலாம். ஒருவர் 'அரிக்கமேடு', 'அகழாய்வு', 'புதுச்சேரி' என்கிறார். மற்றவர் 'வீராம்பட்டினம்', 'அகழாய்வு', 'புதுச்சேரி', 'ரோமானிய வணிகம்' என்கிறார். தனிச்சொற்கள் ஐந்து, பொதுச்சொற்கள் இரண்டு. ஒருமை 40 விழுக்காடுதான். இருவரும் 'இந்தியா - வரலாறு' என்று மட்டும் எழுதியிருந்தால் ஒருமை 100 விழுக்காடு. முதல் இணையின் சொற்களால் நூல் கண்டுபிடிக்கப்படும். இரண்டாம் இணையின் சொல்லால் அது ஆயிரக்கணக்கான நூல்களுக்கு நடுவே புதைந்துபோகும். ஒருமை மதிப்பெண் நேர்மாறான தீர்ப்பைத் தருகிறது. இருவர் ஒரே சொல்லைச் சொன்னார்கள் என்பது அச்சொல் வாசகருக்குப் பயன்படும் என்பதற்குச் சான்றாகாது.

பதிவில் எத்தனை சொற்கள் உள்ளன, பொருட்புலம் நிரப்பப்பட்டிருக்கிறதா என்று எண்ணுவதும் இதே வகை மயக்கம். நூலகங்கள் பின்பற்றும் மார்க் 21 வடிவத்தில் பொதுப் பொருளுக்கு 650, இடப்பெயருக்கு 651 என்ற புலங்கள் உண்டு. அவை வெறுமையாக இருக்கின்றனவா என்று கணினி நொடியில் சொல்லிவிடும். அதில் எழுதியிருப்பது நூலுக்குப் பொருந்துமா என்பதை நூலைத் திறந்து பார்த்தவரே சொல்ல முடியும்.

ரங்கநாதனின் சங்கிலி

நோணாங்குப்பம் வழியாகச் செல்லும் கடலூர் சாலையிலேயே தெற்கே போனால் சிதம்பரத்தைக் கடந்து சீர்காழி வரும். பொருளடைவு முறைகளில் உலகளவில் தாக்கம் செலுத்திய எஸ். ஆர். ரங்கநாதன் பிறந்த ஊர் அது. 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான அவர் 1933-இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். 1930-களில் அவர் உருவாக்கிய சங்கிலி அடைவு முறை, வகை எண்ணின் ஒவ்வொரு கண்ணியையும் சொல்லாக்கி அகரவரிசையில் தருவது. வாசகர் எந்தச் சொல்லில் தொடங்கினாலும் நூலின் இடத்துக்கு வழி கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். 1950-இல் தொடங்கிய பிரிட்டிஷ் தேசிய நூல்விவரப் பட்டியல் இம்முறையை ஏற்றது. கொல்கத்தாவிலிருந்து வெளியான இந்திய தேசிய நூல்விவரப் பட்டியலும் அதைப் பின்பற்றியது.

முறை சிறந்தது. ஆனால் வகை எண் எங்கே நிற்கிறதோ அங்கே சங்கிலியும் நின்றுவிடக்கூடும். இந்திய தேசியப் பட்டியல் நூல்களை டூயி முறைப்படி அடுக்கியது. டூயியில் ஆங்கில இலக்கியத்துக்கு 820 என்ற பெரும்பிரிவு தனியே உண்டு. ஈராயிரம் ஆண்டுத் தமிழ் இலக்கியத்துக்குக் கிடைத்தது 894.811 என்ற, புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் கொண்ட ஒரு மூலை. இடங்களிலும் இப்படித்தான். மாநில அளவோடு நிற்கும் எண்ணிலிருந்து பிறக்கும் சங்கிலியில், அடைவு செய்பவர் தாமாகச் சேர்த்தால் ஒழிய, சிற்றூருக்கு இடமில்லை.

மேலும் அந்தத் தேசியப் பட்டியல் தமிழ் நூல்களின் பெயர்களையும் ரோமன் எழுத்தில் அச்சிட்டது. பல மொழி நூல்களை ஒரே வரிசையில் அடுக்க அது உதவியது. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவருக்குத் தமிழ் நூலின் பட்டியலே எட்டாமல் போனது. அதற்கு முன் 1865-இல் சென்னையில் வெளிவந்த ஜான் மர்டாக்கின் தமிழ் அச்சு நூற்பட்டியலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டதே. கிறித்தவக் கல்விப் பணியில் இருந்த மர்டாக் சமய நூல்களைப் பிரிவு பிரிவாகப் பகுத்தார். ஒவ்வொரு அடைவிலும் அதை ஆக்கியவர் மனத்தில் இருந்த வாசகர் தெரிகிறார். பட்டியலில் எது நுணுக்கமாகவும் எது மேலோட்டமாகவும் அமையும் என்பதை அந்த வாசகரே தீர்மானிக்கிறார்.

நோணாங்குப்பம் என்னும் சோதனை

நோணாங்குப்பம் புதுச்சேரி நகருக்குத் தெற்கே கடலூர் சாலையில், சுண்ணாம்பாற்றின் கரையில் உள்ள ஊர். வெளியூரார் அதைப் படகுத்துறையால் அறிவர். அவ்வூர்ப் பள்ளி மாணவி ஒருவர் தம் ஊரையும் சுற்றுப்புறத்தையும் பற்றிக் கட்டுரை எழுத ஒரு தரவுத்தளத்தை நாடுவதாக வைத்துக்கொண்டால், அந்தத் தரவுத்தளம் சில தேர்வுகளைக் கடக்க வேண்டியிருக்கும்.

முதல் தேர்வு ஆறு. இப்பகுதிக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஆறு சங்கராபரணி. அதற்கு வராக நதி என்றும் செஞ்சியாறு என்றும் பெயர் உண்டு. நீரியல் அறிக்கை ஒன்று செஞ்சியாறு என்று எழுதியிருந்தால், சங்கராபரணி என்று தேடும் மாணவிக்கு அது கிடைக்க வேண்டும்.

இரண்டாம் தேர்வு அரிக்கமேடு. 1945-இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வின் அறிக்கை 1946-இல் 'ஏன்சியன்ட் இந்தியா' இதழில் அரிக்கமேடு என்ற பெயரோடு வந்தது. அடுத்து அங்கே அகழ்ந்த பிரெஞ்சு ஆய்வாளர் கசால் 1949-இல் வெளியிட்ட நூலின் தலைப்பில் வீராம்பட்டினம் முதலிலும் அரிக்கமேடு பின்னரும் இணைந்து வருகின்றன. விமலா பெக்லி பதிப்பித்த அகழாய்வு நூல் 1996-இல் வெளிவந்தபோது தலைப்பில் அரிக்கமேடு மட்டுமே இருந்தது. பெரிப்ளூஸ் என்னும் பழைய கிரேக்கக் கடற்பயணக் குறிப்பைப் பற்றி எழுதுவோர் இவ்விடத்தைப் பொதுக்கே என்பர். இடம் ஒன்றுதான், பெயர்கள் பல, மொழிகளும் பல.

மூன்றாம் தேர்வு அரியாங்குப்பம். 1748-இல் ஆங்கிலேயத் தளபதி பொஸ்காவன் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது முதலில் மோதியது அரியாங்குப்பம் கோட்டையோடு. ஆங்கிலப் போர் வரலாறுகளில் அது அரியான்கோபாங் என்று உருமாறிக் கிடக்கிறது. பிரெஞ்சு ஆவணங்கள் குப்பத்தைக் கூப்பம் ஆக்கின. 'காண்க' என்ற ஒரு குறிப்பு இப்பெயர்களை இணைக்காவிட்டால், பக்கத்து ஊரில் நடந்த போர் அம்மாணவியின் கண்ணுக்குப் படாது.

நான்காம் தேர்வு புதுச்சேரி என்ற பெயரே. அது ஒரு நகரத்தையும் குறிக்கும், ஒன்றியப் பகுதி முழுவதையும் குறிக்கும். பின்னதில் காரைக்காலும், கேரளக் கரையில் மாகியும், ஆந்திரக் கரையில் ஏனாமும் அடக்கம். 2006-இல்தான் பாண்டிச்சேரி என்ற பெயர் அதிகார முறையில் புதுச்சேரி ஆனது. 1954-க்கு முந்தைய ஆவணங்கள் 'இந்தியாவிலுள்ள பிரெஞ்சுக் குடியிருப்புகள்' என்ற தலைப்பின் கீழ் இருக்கலாம். நகரத்தையும் பகுதியையும் பிரிக்காத அடைவில் தேடினால் மாகி பற்றிய நூலும் சேர்ந்து வந்து துல்லியம் குறையும். பழைய தலைப்பைப் புதியதோடு இணைக்காத அடைவில் மீட்பு குறையும்.

'நோணாங்குப்பம்' என்று தேடி ஒன்றும் வரவில்லை என்றால், ஊரைப் பற்றி எதுவும் எழுதப்படவில்லை என்றே மாணவி முடிவு செய்வார். எழுதப்பட்டவை வேறு பெயர்களின் கீழும் பெரிய தலைப்புகளின் அடியிலும் கிடக்கின்றன என்று திரை சொல்வதில்லை. மீட்பின் குறையைத் தேடுபவரால் காண முடியாது. பொருந்தாதவை வந்தால் எரிச்சல் வரும், புகார் வரும். பொருந்துபவை வராமல் போனால் புகாரே எழாது. ஆகவேதான் இக்குறை நீண்டகாலம் திருத்தப்படாமல் நீடிக்கிறது.

தமிழ் எழுத்தால் நேரும் தவறுகள்

தமிழ்த் தரவுத்தளங்களை மதிப்பிடும்போது அடைவின் பிழையையும் எழுத்தின் பிழையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 'நோ' என்ற எழுத்தின் ஓகாரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலும் சேர்ந்த இரு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டையும் சமமாக்கிக்கொள்ளாத மென்பொருளுக்கு அவை வேறு வேறு. ஊர்ப்பெயரின் முதலெழுத்திலேயே தேடல் தோற்றுவிடும்.

ணகர, னகர மயக்கம் அடுத்தது. நோனாங்குப்பம் என்று தட்டச்சு செய்த பதிவு நோணாங்குப்பம் என்ற தேடலுக்கு வராது. வேற்றுமை உருபு ஏறினால் சொல்லின் ஈறு மாறும். 'நோணாங்குப்பத்தில் மீன்பிடித் தொழில்' என்பது போன்ற தலைப்பில் 'நோணாங்குப்பம்' என்ற சொல் எழுத்துக்கு எழுத்து இல்லை. ஈற்றை வெட்டித் தேடலாம் என்றாலோ, முன்பாதியை விட்டுக் 'குப்பம்' என்று தேடலாம் என்றாலோ, பின்னதில் கடற்கரையெங்கும் உள்ள குப்பங்கள் வந்து குவியும். தலைப்புச் சொல்லை மட்டும் நம்பும் தேடலைவிட, ஊர்ப்பெயரை எழுவாய் வடிவில் தனியே எழுதிவைத்த பொருளடைவு தமிழுக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது இதனால்தான்.

தானியங்கி அடைவு

அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 2022-இல் மெட்லைன் கட்டுரைகளுக்குத் தலைப்பிடும் வேலையைத் தானியங்கி முறைக்கு மாற்றியது. தேர்ந்தெடுத்தவற்றை மட்டும் மனிதர்கள் சரிபார்க்கிறார்கள். நாள்தோறும் வந்து குவியும் கட்டுரைகளுக்கு இது தவிர்க்க முடியாத வழி. ஆனால் அந்தக் கருவிக்குப் பின்னால் 1960 முதல் பேணப்பட்ட சொற்பட்டியலும், பல்லாண்டுகள் மனிதர்கள் செய்த அடைவும் இருக்கின்றன. அந்த அடிப்படை இல்லாத இடத்தில் தானியங்கியை நிறுத்தினால், ஆவணத்தில் அடிக்கடி வரும் சொல்லையே அது பொருள் என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. வீராம்பட்டினமும் அரிக்கமேடும் ஒரே இடம் என்பதை யாரேனும் ஒருமுறையாவது எழுதிவைத்திருந்தால்தான் கருவியால் அதைக் கற்க முடியும்.

மாணவர்கள் செய்யக்கூடிய மதிப்பீடு

ஒரு தரவுத்தளத்தின் பொருளடைவைச் சிறிய அளவில் சோதிக்கப் பெரிய நிதி வேண்டியதில்லை. ஒரு சிறு பகுதியைத் தேர்ந்து, அதைப் பற்றிய ஆவணங்களைத் தரவுத்தளத்தின் உதவி இல்லாமல் முதலில் திரட்ட வேண்டும். ஆய்வேடுகளின் அடிக்குறிப்புகள், நூலக அலமாரிகள், ஊரில் விவரம் அறிந்தவர்கள் ஆகியவை அதற்கான வழிகள். பின்னர், அந்த ஆவணங்களைப் பார்க்காத ஒருவரிடம் அப்பகுதியைப் பற்றிய கேள்விகளைப் பெற வேண்டும். கிரான்ஃபீல்ட் சோதனை மீது எழுந்த மறுப்புக்கு இடம் தராதிருக்க இது தேவை. அக்கேள்விகளைத் தேடி, திரட்டியவற்றில் எத்தனை வந்தன என்று கணக்கிட வேண்டும். இறுதியாக, வராத ஒவ்வொன்றுக்கும் லங்காஸ்டரைப் போலக் காரணம் எழுத வேண்டும்: பொருள் விடுபட்டதா, தலைப்பு அகலமானதா, மாற்றுப்பெயர் இணைக்கப்படவில்லையா, எழுத்து வேறுபட்டதா.

கடைசி இரண்டு காரணங்களால் தவறியவற்றை மாற்றுப்பெயர்ப் பட்டியலும் மென்பொருள் திருத்தமும் சரிசெய்யும். முதல் இரண்டுக்கும் ஆவணத்தைத் திறந்து படிக்கும் ஆள் வேண்டும். எதற்குச் செலவிட வேண்டும் என்பதை நூலகம் அப்போது அறியலாம்.

மதிப்பீடு

பொருளடைவு ஆய்வுகளின் பெருங்குறை, அடைவு செய்பவர்களை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டதும் புலங்களை எண்ணியதும், வாசகரை ஓரமாக நிறுத்தியதும் ஆகும். சொற்பட்டியல்கள் எவ்வளவு நுட்பமானாலும், அவை எந்த வாசகரின் சொல்லை ஏற்கின்றன என்பதே தரத்தின் அடிப்படை.

தமிழுக்கு இது புதிய சிந்தனையும் அல்ல. ஒரு பொருளுக்கு உள்ள பல பெயர்களையும், ஒரு சொல்லுக்கு உள்ள பல பொருள்களையும் தொகுதி தொகுதியாகப் பிரித்து வைத்தவை திவாகரம், பிங்கலம், சூடாமணி போன்ற நிகண்டுகள். ஊர்களுக்கும் ஆறுகளுக்கும் நிறுவனங்களுக்கும் அத்தகைய மாற்றுப்பெயர்த் தொகுதி ஒன்று ஒவ்வொரு தரவுத்தளத்துக்குள்ளும் இருக்க வேண்டும். அதை ஆக்க ஊரறிந்தவரும் மொழியறிந்தவரும் தேவை. பெரிய தலைப்புகள் எப்படியும் கண்டுபிடிக்கப்படும். புதுச்சேரி வரலாறு என்று தேடுபவர் வெறுங்கையோடு திரும்புவது அரிது. சுண்ணாம்பாற்றங்கரையின் ஒரு சிற்றூரைத் தேடுபவர் எதைப் பெறுகிறார் என்பதைக் கொண்டே ஓர் அடைவின் தரத்தை அளக்க வேண்டும்.